பாயின்ட் டூ டூ ரைபிள் வாங்குதல்: புதிய அலுமினிய ஸ்டாக்கா, பழைய மரக்கட்டையா?

#1 – தாமிரபரணி_50

அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆண்டுகளாக 10 மீட்டர் ஏர் ரைபிள் சுட்டு வருகிறேன். இவ்வாண்டு .22 காலிபருக்கான உரிமம் கைக்கு வந்துவிட்டதால், 50 மீட்டர் ப்ரோனில் (படுத்துச் சுடுவது) தொடங்கி, ஓரிரு ஆண்டுகளில் த்ரீ பொசிஷனுக்கு (மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுடுவது) செல்ல எண்ணியிருக்கிறேன். இதுவரை கிளப் ரைபிளில்தான் சுட்டேன். அது என் கைக்கு வரும்போதெல்லாம் ட்ரிக்கரையும் கன்னக்கட்டையையும் வேறொருவர் தம் வசதிக்குத் திருகி வைத்திருப்பார். சொந்த ரைபிள் இல்லாமல் இனி நகர முடியாது என்று பயிற்சியாளரும் சொல்லிவிட்டார்.

என் முன்னால் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, அலுமினிய ஸ்டாக் (தோளில் அணைத்துப் பிடிக்கும் உடற்பகுதி) கொண்ட புதிய ஜெர்மன் ரைபிளை இறக்குமதி செய்வது. அதில் சேமிப்பு முழுவதும் கரைந்துவிடும். தோட்டாவுக்குக் கிளப்பில் என்ன கிடைக்கிறதோ அதை நம்பித்தான் இருக்க வேண்டும். மற்றொன்று, எங்கள் கிளப்பின் மூத்தவர் ஒருவர் கண் அறுவைச் சிகிச்சைக்குப் பின் சுடுவதை நிறுத்திவிட்டு விற்க நினைக்கும் ஆன்ஷூட்ஸ் நிறுவனத்தின் 1913 மாடல் ரைபிள். மரக்கட்டை ஸ்டாக், 54 ஆக்‌ஷன் (தோட்டாவை ஏற்றிச் சுடும் இயந்திரப் பகுதி), 1990-களில் வாங்கியது. எத்தனை ஆயிரம் தோட்டா பாய்ந்திருக்கும் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. விலை முதலாவதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. துல்லியம் ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் எதை எடுக்கலாம்?

#2 – பழைய_கேடட்

தம்பி, என்.சி.சி.யில் நாங்கள் 25 கஜத்தில் படுத்துச் சுட்ட .22 ரைபிளுக்கு அலுமினியமும் கிடையாது, சரிசெய்யும் கன்னக்கட்டையும் கிடையாது. அதில் ஐந்து தோட்டாவையும் ஒரு தீப்பெட்டிக்குள் அடக்கிய பையன்கள் இருந்தார்கள். ஆர்டினன்ஸ் ஃபேக்டரி தயாரிக்கும் .22 ஸ்போர்ட்டிங் ரைபிள் ஒன்றை வாங்கிக்கொண்டு, மிச்சப் பணத்தைப் பயிற்சிக்குச் செலவிடுங்கள். சுடுபவன் கையில்தான் எல்லாம் இருக்கிறது.

#3 – ஆறாம்_லேன்

கேடட் ஐயா சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்குக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

50 மீட்டர் டார்கெட்டில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. அதற்கு வெளியே ஒவ்வொரு வளையமும் ஆரத்தில் 8 மி.மீ. விரிகிறது. குண்டின் விட்டம் 5.6 மி.மீ.; ஓட்டையின் ஓரம் கோட்டைத் தொட்டாலே பத்து கிடைத்துவிடும். ஆகவே, அத்தனை குண்டும் பத்தில் விழ வேண்டுமென்றால் குரூப்பின் (சேர்ந்து விழுந்த ஓட்டைகளின் கூட்டம்) வெளி அகலம் 21.6 மி.மீ.க்குள் அடங்க வேண்டும். ஏறத்தாழ நம் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு அது. இந்த நாணயம் முழுவதையும் ரைபிளே தின்றுவிட்டால், சுடுபவரின் மூச்சுக்கும் நாடித்துடிப்புக்கும் காற்றுக்கும் எதுவும் மிஞ்சாது. 25 கஜத்தில் தீப்பெட்டிக்குள் அடங்குவது நல்ல சுடுதல்தான், ஆனால் அதே கோணத்தை 50 மீட்டருக்கு நீட்டினால் தீப்பெட்டி இரண்டு மடங்குக்கு மேல் வளர்ந்துவிடும்.

மேல்மட்டத்தில் நிலைமை இன்னும் இறுக்கமானது. ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் த்ரீ பொசிஷன் இறுதிச் சுற்றில் 2023-இல் இந்திய வீராங்கனை சிஃப்ட் கவுர் சாம்ரா எடுத்த 469.6 புள்ளிகள் 45 தோட்டாக்களுக்கு உரியவை. இறுதிச் சுற்றில் பத்தாம் வளையத்தையும் பின்னமாகப் பிரித்து 10.9 வரை தருவார்கள். சராசரி 10.4-ஐத் தாண்டுகிறது, அதுவும் நின்று சுடும் பகுதியையும் சேர்த்து. உங்களுக்கு நாளையே அது தேவைப்படாது. ஆயினும் ரைபிளால் இயலாததை எத்தனை ஆண்டு பயிற்சி செய்தாலும் கொண்டுவர முடியாது.

எனவே கேள்வி ஆர்டினன்ஸ் ரைபிளைப் பற்றியதல்ல; அது வேறு தேவைக்குச் செய்யப்பட்டது. உங்கள் இரண்டு வழிகளுக்குள் நான் மூத்தவரின் 1913 பக்கம்தான், பேரல் (குழல்) நன்றாக இருக்கும் பட்சத்தில். காரணத்தை ஜெர்மனியில் இருக்கும் நண்பர் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

#4 – ஊல்ம்_தமிழன்

அழைத்ததற்கு நன்றி. நான் வேலை செய்யும் ஊல்ம் நகரில்தான் ஆன்ஷூட்ஸும் வால்தரும் இருக்கின்றன. 1856-இல் ஸெல்லா-மேலிஸ் என்ற ஊரில் தொடங்கிய ஆன்ஷூட்ஸ் நிறுவனம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கே வந்து மறுபடி தொழிலைத் தொடங்கியது. இங்குள்ள கிளப்பில் ஒன்பது ஆண்டுகளாகச் சுடுகிறேன். எங்கள் கிளப்பில் 1970-களின் ரைபிளை வைத்துக்கொண்டு மாவட்ட லீக்கில் இளைஞர்களைத் தோற்கடிக்கும் ஒரு தாத்தா இருக்கிறார்.

அவர் ரகசியம் ரைபிளில் இல்லை, அலமாரியில் இருக்கிறது. ஒரே லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) எண் அச்சிட்ட தோட்டாப் பெட்டிகளை மொத்தமாக வாங்கி அடுக்கி வைத்திருக்கிறார்.

இதை விளங்கிக்கொள்ள .22 லாங் ரைபிள் தோட்டா எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்க்க வேண்டும். 1887 முதல் அதன் வடிவம் பெரிதாக மாறவில்லை. ப்ரைமர் (தீப்பற்றவைக்கும்) கலவை தனிக் கிண்ணத்தில் இருப்பதில்லை. ஈரக் கலவையாகக் கூட்டுக்குள் இட்டு, சுழற்றி, விளிம்பின் மடிப்புக்குள் படியவைக்கிறார்கள். ஒரு கூட்டின் விளிம்பில் அது சீராகப் படியும், இன்னொன்றில் ஒரு பக்கம் மெலிந்திருக்கும். சென்டர்ஃபயர் (ப்ரைமர் கூட்டின் அடி நடுவில் இருக்கும் வகை) சுடுபவர்களைப் போல வெடிமருந்தை எடைபோட்டு, குண்டைத் தேர்ந்து, தோட்டாவை நாமே செய்துகொள்ளும் வழி இதில் இல்லை. தொழிற்சாலை தந்ததுதான் கதி. அதனால் ஒரே பெயர், ஒரே வண்ணப் பெட்டி, ஒரே விலையாக இருந்தாலும் ஒரு லாட் உங்கள் பேரலில் பூப்போல விழும், அடுத்த லாட் சிதறும். உங்கள் பேரலில் சிதறிய லாட் பக்கத்து லேன்காரர் பேரலில் அடங்கிவிடுவதும் உண்டு.

சென்ற ஆண்டு ஷோனெபெக்கில் உள்ள லாபுவா தோட்டா நிறுவனத்தின் சோதனைக் கூடத்துக்கு என் ரைபிளைக் கொண்டு சென்றேன். ஸ்டாக்கைக் கழற்றிவிட்டு, ஆக்‌ஷனை ஓர் இரும்புப் பிடியில் பூட்டினார்கள். மனிதக் கை போல்ட்டையும் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) ட்ரிக்கரையும் தவிர வேறெதையும் தொடவில்லை. ஒவ்வொரு லாட்டிலும் பத்துப் பத்தாகச் சுட்டபோது, திரையில் சில லாட்டுகள் ஒரே கிழிந்த ஓட்டையாக இருந்தன, சில கைவிரித்தாற்போலப் பரவின. ரைபிள் அதே ரைபிள், பேரல் அதே பேரல். அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது: இந்தக் காலிபரில் ரைபிளைத் தனியாகத் தேர்ந்தெடுக்கவே முடியாது. பேரலும் லாட்டும் சேர்ந்த ஜோடியைத்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

ஆகவே பணம் முழுவதையும் ஜோடியின் ஒரு பாதியில் போட்டுவிட்டு, மறுபாதியைக் கிளப்பின் கையில் விடும் உங்கள் முதல் வழி எனக்கு உவப்பாக இல்லை. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 80 தோட்டா, ஆண்டுக்கு 48 வாரம் என்றால் 11,520 தோட்டாக்கள். ரைபிளின் விலையைச் சில ஆண்டுகளில் தோட்டாவின் செலவு விழுங்கிவிடும்.

#5 – தாமிரபரணி_50

நன்றி, ஐயா. அப்படியானால் அந்தப் பழைய பேரல் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? மூத்தவர் நல்ல மனிதர், பொய் சொல்ல மாட்டார். ஆனால் கடைசி ஐந்து ஆண்டுகள் அவர் அதைச் சுத்தம் செய்த விதத்தை நான் பார்த்ததில்லை.

#6 – திருகாணி

பழைய ரைபிள்களைக் கழற்றி மாட்டுவதே என் பொழுதுபோக்கு என்பதால் இதற்கு நான் பதில் சொல்கிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேம்பர் (தோட்டா அமரும் அறை) காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு போல்ட்டை வெளியே எடுங்கள். முதலில் பார்க்க வேண்டிய இடம் சேம்பரின் பின்விளிம்பு. தோட்டா இல்லாமல் ட்ரிக்கரை அழுத்தும் பழக்கம் ஒருவருக்கு இருந்திருந்தால், ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) நேராகச் சேம்பர் விளிம்பில் அடித்து அங்கே ஒரு சிறு பள்ளத்தை உண்டாக்கியிருக்கக்கூடும். நகத்தை அந்த விளிம்பின்மேல் சுற்றிலும் ஓட்டுங்கள். எங்காவது தட்டினால் கவனம். தோட்டாவின் விளிம்பு அந்தப் பள்ளத்துக்கு மேல் உட்காரும்போது ஃபயரிங் பின் அடிக்கும் அடி பஞ்சில் அடித்ததுபோல் ஆகிவிடும். ஒரு தோட்டா வெடிக்கும், ஒன்று தயங்கும்.

அடுத்தது சேம்பர் முடிந்து, குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்கள் தொடங்கும் இடம். மேட்ச் சேம்பரில் தோட்டாவை உள்ளே தள்ளும்போதே குண்டின் மூக்கு வரிகளில் லேசாகப் பதிந்துவிடும். துல்லியத்தின் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. பல ப்ரைமர் கலவைகளில் அரைத்த கண்ணாடித் துகள் உண்டு. அந்தத் துகளும் கரியும் சேர்ந்து இந்த இடத்தில் ஒரு கருவளையமாக இறுகும், கடிகாரத்தின் ஆறு மணி நிலையில் சற்று அதிகமாகவே. போர்ஸ்கோப் கேமராவை உள்ளே விட்டால், வெள்ளிப் பளபளப்புக்கு நடுவே சட்டியில் அடிப்பிடித்த கஞ்சிபோல் அது தெரியும். கருவளையத்தைக் கரைத்து எடுத்துவிடலாம், அதற்காக ரைபிளை ஒதுக்க வேண்டியதில்லை. அதற்கு அடியில் வரிகளின் முனை மழுங்கியிருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

பிறகு, எண்ணெய் தொட்ட துணித்துண்டைக் கம்பியில் சற்று இறுக்கமாகச் சுற்றி, பின்னாலிருந்து முன்னால் மெதுவாகத் தள்ளுங்கள். கை முழுவதும் ஒரே தடையை உணர வேண்டும். நடுவில் திடீரென்று வழுக்கி ஓடினால் அங்கே பேரல் அகன்றிருக்கிறது என்று பொருள். குண்டு வெளியேறும் வாய்ப்பக்கம் நெருங்க நெருங்கத் தடை மிக இலேசாகக் கூடினால் மகிழ்ச்சி அடையுங்கள். வாய் முனைக்குக் காது குடையும் பஞ்சுக்குச்சி போதும்: உள்விளிம்பைச் சுற்றி இழுத்துப் பாருங்கள், ஓரிடத்தில் பஞ்சு நூல் மாட்டினாலும் அங்கே பிசிறு இருக்கிறது. கம்பியை வாய்ப்பக்கத்திலிருந்து விட்டுச் சுத்தம் செய்தவர்களின் ரைபிளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். வாய் முனையை ஒரு நல்ல கடைசல்காரர் மறுபடி வெட்டிச் சீராக்கிவிடுவார், ஆகவே அதற்கும் பயப்பட வேண்டாம்.

கடைசியாக, ஆக்‌ஷனை மரத்தோடு பிணைக்கும் இரு திருகாணிகள். ஒரு விரலை மரமும் பேரலும் சந்திக்கும் கோட்டில் வைத்துக்கொண்டு முன்திருகை மெல்லத் தளர்த்துங்கள். பேரல் எழும்பி நகர்வதை விரல் உணர்ந்தால், ஆக்‌ஷன் மரத்தில் சமமாக உட்காரவில்லை. அதைப் பிசின் ஊற்றி மறுபடி உட்காரவைக்கலாம்.

ரைபிளின் உடலில் பொறித்த எண்ணையும் உரிமத்தில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஓர் இலக்கம் மாறியிருந்ததால் எட்டு மாதம் அலைந்த அனுபவம் எனக்கு உண்டு.

#7 – நீலமலை_வீராங்கனை

எல்லாரும் பேரலையும் தோட்டாவையுமே பேசுகிறீர்கள். நான் மறுக்க வேண்டியிருக்கிறது.

என் உயரம் 153 செ.மீ. எனக்கும் தொடக்கத்தில் ஒரு பழைய மரக்கட்டை ரைபிள்தான் கிடைத்தது. சோதித்தபோது பேரல் அருமை, லாட் அருமை. ஆனால் பட் தகட்டை (தோளில் பதியும் பின்தகடு) எவ்வளவு உள்ளே தள்ளினாலும் நீளம் எனக்கு ஒரு விரற்கடை அதிகம். கன்னக்கட்டையை உயர்த்தினால் கழுத்து பின்னுக்குச் சாயும், தாழ்த்தினால் பின் அபெர்ச்சருக்குள் (குறிபார்க்கும் துளை) கண் நடுவாக நிற்காது. தோட்டா விழுந்த இடத்தைப் பார்த்தால் ஒவ்வொரு பத்துக்கும் இரண்டு, இடப்பக்கம் எட்டில் இருக்கும். இரண்டு ஆண்டு காற்றைத் திட்டினேன், லாட்டைத் திட்டினேன். அலுமினிய ஸ்டாக்குக்கு மாறிய பிறகுதான் என் முகம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அமர்ந்தது. அந்த எட்டுகளும் மறைந்தன. ரைபிளுக்காக உடம்பை வளைத்தால், 40-ஆம் தோட்டாவில் உடம்பு தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும்.

மழைக்காலத்தையும் மறக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மரம் ஈரத்தை வாங்குகிறது. கோடையில் இறுக்கிய திருகின் இறுக்கம் அப்போது அதே இறுக்கமாக இருப்பதில்லை.

#8 – ஊல்ம்_தமிழன்

சகோதரி சொல்வது முற்றிலும் சரி, என் பதிவில் அதை விட்டது பிழைதான். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: ஆக்‌ஷனும் பேரலும் அப்படியே இருக்க, ஸ்டாக்கை மட்டும் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். 54 ஆக்‌ஷனுக்குப் பொருந்தும் அலுமினிய ஸ்டாக்குகள் தனியாகவே விற்கப்படுகின்றன. எனவே தாமிரபரணி அவர்கள் முதலில் அந்த மரக்கட்டையோடு நாற்பது நிமிடம் படுத்துப் பார்க்கட்டும். ஸ்லிங்கை (ரைபிளைக் கையோடு பிணைக்கும் வார்) கட்டி, கண்ணை மூடி, மூச்சை விட்டு, கண்ணைத் திறக்கும்போது முன்குறியின் வளையம் டார்கெட்டைச் சுற்றித் தானாக நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.

#9 – சென்னை_புதியவன்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இணையத்தில் ரூகர் 10/22 ரைபிளில் டெலஸ்கோப் பொருத்திச் சின்னச் சின்ன குரூப் காட்டுகிறார்கள். அதையே வாங்கினால் என்ன?

#10 – ஆறாம்_லேன்

நமது போட்டிகளுக்கு அது பொருந்தாது, தம்பி. 50 மீட்டர் ரைபிள் விதிப்படி ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்ற வேண்டும், டெலஸ்கோப் பொருத்தக் கூடாது, எடை 8 கிலோவைத் தாண்டக் கூடாது. 1964-இல் வந்த அந்த ரைபிள் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகை. மேலும், இணையத்தில் காட்டப்படும் ஐந்து தோட்டா குரூப்பை நம்பாதீர்கள். இருபது குரூப் சுட்டு, நன்றாக வந்த ஒன்றைப் படம் பிடிப்பது யாராலும் முடியும்.

இந்த இழையில் இன்னும் ஒன்று பேசப்படவில்லை. மேட்ச் தோட்டாவை வேண்டுமென்றே ஒலியின் வேகத்துக்குக் கீழே, விநாடிக்கு ஏறத்தாழ 320 முதல் 330 மீட்டரில் வைக்கிறார்கள், ஒலித்தடையைக் கடக்கும் குலுக்கல் குண்டுக்கு வேண்டாம் என்பதற்காக. அதி வேகம் என்று பெட்டியில் அச்சிட்டதை வாங்குபவர்கள் துல்லியத்தைத்தான் இழக்கிறார்கள். எத்தனை வேகம் என்பதைவிட எத்தனை சீரான வேகம் என்பதே முக்கியம். 50 மீட்டரைக் கடக்கும் நேரத்துக்குள் குண்டு ஏறத்தாழ 12 செ.மீ. கீழே இறங்குகிறது. வேகத்தில் விநாடிக்கு 10 மீட்டர் வேறுபட்டால் அந்த இறக்கம் 7 அல்லது 8 மி.மீ. மாறும், அதாவது ஒரு முழு வளையம். உங்கள் குரூப் செங்குத்தாக நீண்டிருந்தால் முதலில் லாட்டைச் சந்தேகியுங்கள். கிடையாக நீண்டிருந்தால் காற்றை: குறுக்குக் காற்று விநாடிக்கு ஒரு மீட்டர் வீசினாலே குண்டு சுமார் 6 மி.மீ. தள்ளிப் போகிறது.

#11 – தாமிரபரணி_50

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். திருகாணி அவர்கள் சொன்ன முறைப்படி எல்லாம் பார்த்தோம். சேம்பர் விளிம்பு சுத்தம். கருவளையம் இருந்தது, ஊறவைத்து மூன்று மாலைகளில் எடுத்தோம். பஞ்சுக்குச்சி எங்கும் மாட்டவில்லை. முன்திருகைத் தளர்த்தியபோது பேரல் நகர்ந்தது. அதைச் சரிசெய்யும் வேலை இன்னும் பாக்கி.

காற்றில்லாத காலை 6 மணிக்கு, ரைபிளை மணல்மூட்டையில் அமர்த்தி, மூன்று லாட்டுகளில் ஒவ்வொன்றுக்கும் பத்துத் தோட்டா வீதம் நான்கு குரூப் சுட்டேன். வெளி அகலத்தின் சராசரி முதல் லாட்டில் 24 மி.மீ., இரண்டாவதில் 19, மூன்றாவதில் 27. அந்த 19 வந்தது நடுத்தர விலைப் பெட்டியில். மூன்றில் விலை உயர்ந்ததுதான் 27 தந்தது. மூத்தவர் சிரித்துவிட்டு, ‘இவளுக்கு அந்தப் பெட்டி என்றைக்குமே பிடிக்காது’ என்றார். முப்பது ஆண்டு பழகியவர் அதை முன்பே சொல்லியிருக்கலாம்.

உடம்பும் ஸ்டாக்கும் பொருந்துகின்றன. என் உயரம் 171 செ.மீ., அவரும் ஏறத்தாழ அவ்வளவே. ரைபிளை என் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிட்டேன்.

#12 – நீலமலை_வீராங்கனை

வாழ்த்துகள். மணல்மூட்டையில் கிடைத்த 19-ஐ ஸ்லிங்கில் படுத்துச் சுடும்போது எதிர்பார்க்க வேண்டாம். 25 வந்தாலும் அது நல்ல தொடக்கம்தான். அதே லாட் கிளப்பில் இன்னும் எவ்வளவு இருக்கிறது?

#13 – தாமிரபரணி_50

ஸ்டோர் பொறுப்பாளரிடம் கேட்டேன். ஐந்நூறு தோட்டா கொண்ட பிரிக் (பெட்டிக்கட்டு) நான்கு. மூன்றை என் பெயரில் எழுதிவைக்கச் சொன்னேன். நான்காவதை ஒருவர் நேற்றே எடுத்துக்கொண்டாராம்.

#14 – திருகாணி

யார் என்று விசாரித்து, வேறு லாட் கொடுத்து மாற்றிக்கொள்ளப் பாருங்கள். ஆக்‌ஷனுக்குப் பிசின் ஊற்றும் வேலையைத் தை பிறந்து காற்று உலர்ந்த பிறகு வைத்துக்கொள்வோம். அதுவரை திருகை எந்த இறுக்கத்தில் வைத்து அந்த 19 வந்ததோ, அந்த எண்ணை ஸ்டாக்கின் உள்பக்கம் பென்சிலால் எழுதிவையுங்கள்.